பைக் எஞ்சின் ஏன் 'தட்டுகிறது'? மண்ணெண்ணெய், எத்தனால், ஒரு கோலார் தங்கவயல் இளைஞரின் கொலை

பேரணாம்பட்டில் இருந்து வி.கோட்டா நோக்கி பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறும் பைக்குகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். இரண்டு பேர், நடுவில் ஒரு பை, டாப் கியர், வேகம் 30-க்கும் கீழே. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வண்டி முன்னால் போவதில்லை. அதற்குப் பதிலாக எஞ்சினுக்குள் இருந்து யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல 'டிக் டிக் டிக்' என்று ஓர் உலோகச் சத்தம் வருகிறது. குடியாத்தம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு கோலார் தங்கவயல் திரும்புகிறவர்களுக்குப் பழகிப்போன சத்தம்தான். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். இல்லையென்றால், "எஞ்சின் தட்டுது".

இதற்கு இப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். "எத்தனால் பெட்ரோல் வந்ததுல இருந்துதான் இந்தத் தொல்லை" என்கிறார் ஒருவர். "பங்க்ல கலப்படம்" என்கிறார் இன்னொருவர். "காஸ்ட்லி பெட்ரோல் போடு, நின்னுடும்" என்பது மூன்றாவது. இவற்றில் முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது சில சமயம் சரி, அதற்குப் பின்னால் தங்கவயல் மறக்க முடியாத ஒரு கதையும் இருக்கிறது. மூன்றாவது அநேகமாக வீண் செலவு. ஏன் என்று பார்க்க சிலிண்டருக்குள் போக வேண்டும்.

சிலிண்டருக்குள் நடக்கும் பந்தயம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் 'வெடிக்கிறது' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். சரியாக ஓடும் எஞ்சினில் பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது. பிஸ்டன் மேலே வந்து காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை அழுத்துகிறது. ஒன்பது மடங்கு அழுத்தினால் கலவையின் வெப்பம் தோராயமாக 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும். அப்போது ஸ்பார்க் பிளக் ஒரு பொறி வைக்கிறது. அங்கிருந்து தீ ஒரு சுவர் போலக் கிளம்பி, சிலிண்டரின் மறுமுனை வரை சீராகப் பரவுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இது முழுக்க நடந்து முடிய ஏறக்குறைய 2 முதல் 3 மில்லி விநாடிதான் ஆகும்.

சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. தீ இன்னும் வந்து சேராத அந்த ஓரத்துக் கலவையை 'கடைசி வாயு' என்று வைத்துக்கொள்வோம். அது ஏற்கெனவே பிஸ்டனால் அழுத்தப்பட்டுச் சூடாக இருக்கிறது. இப்போது எரிந்து விரிந்த வாயுவும் தன் பங்குக்கு அதை மேலும் நசுக்குகிறது. வெப்பம் இன்னும் ஏறுகிறது. தன்னுடைய முறை வரும்வரை அது தாக்குப்பிடிக்க வேண்டும். தீ முதலில் வந்து சேர்ந்தால் எல்லாம் நல்லபடி முடியும். அதற்குள் கடைசி வாயு பொறுமை இழந்து தானாகவே, மொத்தமாக, ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங்.

அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு இடையே முன்னும் பின்னும் மோதுகிறது. காதில் விழும் உலோகச் சத்தம் அந்த அலையின் அதிர்வு. பல பேர் நினைப்பது போல பிஸ்டன் எதிலும் போய் இடிப்பதில்லை. கார் சிலிண்டரின் அளவுக்கு இந்த அதிர்வு விநாடிக்கு 6,000 முதல் 7,000 முறை என்ற கணக்கில் இருக்கும். 100 சிசி பைக்கின் சின்ன சிலிண்டரில் அதைவிடக் கீச்சென்று கேட்கும். தங்கவயலில் வயதானவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்தின் அடியாழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே குடியிருப்பில் சுவர் அதிர்ந்ததை அவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். வெடித்தது எங்கோ, கேட்டது எங்கோ.

எப்போதாவது மேடு ஏறும்போது நாலு தட்டு தட்டினால் எஞ்சின் செத்துவிடாது. ஆனால் தினமும் தட்டவிட்டால்? பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டி ஒரு மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் இருக்கிறது, அதுதான் உலோகத்துக்குக் கவசம். அழுத்த அலை அதைக் கிழித்துவிடுகிறது. வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. பிஸ்டன் ஓரம் அரிக்கும், ரிங் இருக்கும் பள்ளம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். அப்புறம் எஞ்சினைப் பிரித்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

ஆக்டேன் எண் என்பது என்ன?

கடைசி வாயு எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கும் என்பது எரிபொருளின் மூலக்கூறு அமைப்பைப் பொறுத்தது. கார்பன் அணுக்கள் நீளமாக ஒரே வரிசையில் நிற்கும் மூலக்கூறுகள் சூட்டில் சீக்கிரம் உடைந்து பற்றிக்கொள்ளும். கிளை கிளையாகப் பிரிந்திருப்பவை தாக்குப்பிடிக்கும். இதை அளக்க இரண்டு எல்லைக்கற்கள் வைத்தார்கள். நேர்வரிசை கொண்ட ஹெப்டேனுக்கு 0, கிளைகள் கொண்ட ஐசோஆக்டேனுக்கு 100. ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த அளவுக்கு நாக்கிங்கைத் தாங்குமோ அந்த அளவுக்கு அதுவும் தாங்கும் என்று அர்த்தம். அவ்வளவுதான். அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது, எவ்வளவு சுத்தம், எவ்வளவு மைலேஜ் தரும் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. விளம்பரங்கள் இதைத்தான் குழப்பிவிடுகின்றன.

இந்த எண்ணை உயர்த்த ஒரு காலத்தில் உலகம் தேர்ந்தெடுத்த வழி ஈயம். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தாலே எஞ்சின் தட்டுவது நின்றுவிடுகிறது என்று கண்டார். எத்தனாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அன்றைக்கே தெரியும். ஆனாலும் ஈயம்தான் 1923-ல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தார்கள், சிறிது காலம் நிறுத்திய விற்பனை மறுபடி தொடங்கியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அந்தப் புகையை இந்தியாவும் 2000-ம் ஆண்டு வரை சுவாசித்தது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன ஆகும்?

இப்போது கலப்படத்துக்கு வருவோம். பெட்ரோலில் கலக்க மிகவும் 'வசதியான' பொருளாக இருந்தது ரேஷன் மண்ணெண்ணெய். 2005-ல் டெல்லி விலையை எடுத்துக்கொண்டால் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய், பெட்ரோல் 43 ரூபாயைத் தாண்டியிருந்தது. 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 லிட்டர், லிட்டருக்கு 34 ரூபாய் வித்தியாசம், ஒரே லோடில் 40,800 ரூபாய். ஏழை வீட்டு அடுப்புக்காக அரசு கொடுத்த மானியம் அப்படியே கலப்படக்காரரின் லாபமாகிவிடும்.

எஞ்சினுக்கு? மண்ணெண்ணெயில் நீண்ட நேர்வரிசை மூலக்கூறுகள் அதிகம். அதன் ஆக்டேன் எண் பெட்ரோலுக்குக் கிட்டவே வராது. அதை 25 என்று வைத்துக்கொண்டு, அன்றைய சாதாரண பெட்ரோலின் 88-உடன் பத்துக்கு ஒன்று கலந்தால், நேர்க்கணக்கில் சுமார் 82-க்கு இறங்குகிறது. இது தோராயம்தான். ஆனால் ஆறு புள்ளி என்பது மேட்டில் ஏறும் பைக்கில் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். கூடவே, மண்ணெண்ணெய் முழுசாக ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது கார்பனாகப் படியும், எஞ்சின் ஆயிலிலும் இறங்கும். கார்பன் படிந்தால் சிலிண்டருக்குள் இடம் குறைந்து அழுத்தம் கூடும், சூடும் தங்கும். அப்புறம் நல்ல பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் தட்டும்.

இந்தக் கலப்படத்தைத் தடுக்கப் போய்த்தான் மஞ்சுநாத் சண்முகம் உயிரை விட்டார்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். இங்கே கேந்திரிய வித்யாலயாவில் படித்து, மைசூரில் பொறியியல் முடித்து, ஐஐஎம் லக்னோவில் மேலாண்மை படித்தார். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தவருக்குக் கிடைத்த பகுதி உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிள்ளைகளின் படிப்பை மட்டுமே நம்பிய ஊர் இது. ஐஐஎம் வரை போன ஒரு பையன் இந்த ஊருக்கு என்னவாக இருந்திருப்பான் என்று விளக்கத் தேவையில்லை.

கலப்பட எரிபொருள் விற்றதைக் கண்டுபிடித்து ஒரு பங்க்கின் விற்பனையை நிறுத்த அவர் நடவடிக்கை எடுத்திருந்தார். அது மறுபடி திறந்த பிறகு, 2005 நவம்பர் 19 அன்று கோலா கோகர்ணநாத்தில் இருந்த அந்த பங்க்குக்குத் திடீர் சோதனைக்குப் போனார். அன்றிரவு ஊரில் இருந்து தந்தை நலம் விசாரித்து அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதில் வரவில்லை. மஞ்சுநாத்தைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அவருடைய காரிலேயே உடலை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு வயது 27.

2007-ல் விசாரணை நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2009-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆறு பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கொலை நடந்த அடுத்த மாதமே பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்கும் புதிய ஆணையை மத்திய அரசு வெளியிட்டது. 2006-ல் மண்ணெண்ணெயில் ஒரு வேதி அடையாளப் பொருளைக் கலந்து, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் திட்டமும் வந்தது. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

உண்மையில் நிலைமையை மாற்றியது விலைதான். 2020 மார்ச்சுக்குப் பிறகு ரேஷன் மண்ணெண்ணெய் விலையில் மத்திய அரசின் மானியம் இல்லை, ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. 34 ரூபாய் வித்தியாசம் இருந்தபோது கிடைத்த கொள்ளை லாபம் இப்போது அந்த வழியில் இல்லை. கலப்படமே ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மலிவான வேறு கரைப்பான்கள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் எஞ்சின் தட்டினாலே 'மண்ணெண்ணெய்தான்' என்று முடிவு கட்டிய காலம் போய்விட்டது.

டீசலில் கதை தலைகீழ்

தங்கவயலில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய தொழிற்சாலை பெமல். 1964-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். இங்கே தயாராகும் புல்டோசர்களும் எக்ஸ்கவேட்டர்களும் டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்ற வேண்டும். இங்கே பொறுமைதான் குற்றம். டீசல் பற்றத் தாமதித்தால், அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட அளவு முழுக்க ஒரேயடியாகப் பற்றி 'கடகட'வென்று தட்டும். அதனால் டீசலுக்கு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்லும் சீட்டேன் எண்தான் அளவுகோல், இந்தியாவில் குறைந்தபட்சம் 51. மண்ணெண்ணெய் குணத்தில் டீசலுக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம் என்பதால், லாரியில் கலப்படம் பைக்கில் போல உடனே சத்தம் போட்டுக் காட்டிக் கொடுக்காது.

சரி, இ20 பெட்ரோல் குற்றவாளியா?

நாக்கிங் விஷயத்தில் மட்டும் கேட்டால், இல்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5. இ20 வந்த பிறகு சாதாரண பெட்ரோலின் எண் 91-ல் இருந்து 95-க்கு உயர்ந்திருப்பதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. இன்னொரு நன்மையும் உண்டு. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல உள்ளே வரும் கலவை கொஞ்சம் குளிர்கிறது. கடைசி வாயு இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் ஜனங்கள் பொய் சொல்கிறார்களா? அதுவும் இல்லை. அவர்கள் உணர்வது வேறு ஒன்று. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனுள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் காற்றின் பங்கு கூடிவிடும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கணினி இதைக் கவனித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் பைக்குக்கு அந்த மூளை கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், இழுவை குறையும். "பிக்கப் இல்ல, எஞ்சின் அடிக்குது" என்று எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. கேட்கிறவர் நாக்கிங் என்று எழுதிக்கொள்கிறார்.

மைலேஜ் குறைவது நிஜம். பழைய வடிவமைப்பு இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால், கூடுதல் செலவு மாதம் 60 முதல் 80 ரூபாய். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை அமைச்சகமும் ஒப்புக்கொள்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லித் தொடுத்த மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே வாங்குகிறவருக்குத் தேர்வு கிடையாது. கோபத்தில் இருக்கும் நியாயம் இந்த இடத்தில்தான், நாக்கிங்கில் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: தண்ணீர். டேங்கில் போதுமான அளவு தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனால் தந்த ஆக்டேனை இழந்துவிடும். மூடி சரியில்லாத டேங்க், மழையில் வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

மலையில் மட்டும் ஏன் தட்டுகிறது?

ஆரம்பத்தில் பார்த்த பைக்குக்குத் திரும்புவோம். அதன் டேங்கில் இருப்பது எல்லோரும் போடும் பெட்ரோல்தான். டாப் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தீ பரவ அதிக நேரம் ஆகிறது என்பதைவிட, கடைசி வாயு சூட்டில் வேகக் கிடைக்கும் நேரம் அதிகம் என்று சொல்வதே சரி. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருப்பதால் அழுத்தமும் உச்சத்தில். கோடையில் வேலூர் மாவட்டத்தின் 40 டிகிரி காற்று உள்ளே போகிறது. பத்தும் பத்தாததற்குக் கீழே காற்று அடர்த்தியும் கூட. தங்கவயல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம்தான். ராபர்ட்சன்பேட்டை தெருக்களில் சாதுவாக ஓடும் அதே வண்டி மலை அடிவாரத்தில் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கான மருந்து இலவசம். கியரைக் குறையுங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கடைசி வாயுவுக்கு நேரம் கிடைக்காது, சத்தம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நவீன கார்களில் நாக்கிங்கைக் காது வைத்துக் கேட்டு, பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும் சென்சார் இருக்கிறது. 100, 125 சிசி பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிடையாது. அங்கே ஓட்டுகிறவரின் காதுதான் சென்சார்.

கியரைக் குறைத்த பிறகும் தட்டினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியவை: கார்பன் படிவு, இக்னிஷன் டைமிங், தவறான ரக ஸ்பார்க் பிளக், ஆயில் அளவு, காற்று கசியும் கார்புரேட்டர் இணைப்பு. வண்டி நின்றபடி ஐடிலில் சீராக 'டக் டக்' என்று வந்தால் அது டேப்பெட் சத்தமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை. ஆக்டேன் 100 பெட்ரோலை வாங்கி ஊற்றுவதும் அப்படித்தான். உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் அதைக் கேட்காவிட்டால், அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

பெட்ரோல் மீதே சந்தேகம் என்றால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் தடயமே இல்லாமல் ஆவியாகிவிடும். வட்டமாகக் கறை நின்றால் அடுத்து அடர்த்தி அளக்கச் சொல்லலாம். 15 டிகிரிக்குத் திருத்திய அளவு, லோடு வந்தபோது பதிவான எண்ணில் இருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகியிருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்த எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்குப் புகார் கொடுக்கலாம். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பங்க்கிலும் பலகையில் எழுதியிருக்க வேண்டும். மஞ்சுநாத் பார்த்தது அந்த வேலைதான்.